குப்பைக்குள் காற்று: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் என் தோட்டத்து எருக்குவியலைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அடியில் ஓட்டை போட்ட குழாய், குழாய் வாயில் காற்றைத் தள்ளும் ஒரு சின்ன ப்ளோயர், மேலே தோட்டத்துக் கழிவு. புரட்டும் வேலை இல்லாமல் இரண்டு மாதத்தில் உரம். அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் பாதிப் பேர் ப்ளோயர் வாங்கக் கிளம்பிவிட்டது போலத் தெரிகிறது. சரி, கடைக்குப் போகும் முன் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் போகட்டும் என்று ஆசிரியர் சொன்னார்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாலு ஏக்கர்க்காரன். வாழை, மஞ்சள், கொஞ்சம் கரும்பு, வரப்போரம் தென்னை. அதற்கு முன்னால் கோவையில் 17 வருஷம் வார்ப்படப் பட்டறை வேலை. உலைக்குக் காற்று அடித்த கைதான் இப்போது எருவுக்கு அடிக்கிறது.

இரண்டு ஏக்கரில் வாழை போட்டிருக்கிறோம். தார் வெட்டியபின் மரங்களைத் துண்டு போட்டு வரப்போரம் குவித்தோம். பத்து நாளில் கறுப்புத் தண்ணீர் வடிகிறது, நாற்றம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். ப்ளோயர் வைத்தால் நாற்றம் போய்விடுமா?
*– வாசகி ஒருவர், தொட்டியம்*

போகாது அம்மணி. எங்கள் பக்கத்தில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவோம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2018-ல் நீங்கள் செய்ததையே நானும் செய்தேன். அதோடு ப்ளோயரையும் வைத்தேன். நேந்திரன் வெட்டி முடிந்த கையோடு பச்சை மரத்தை அரையடித் துண்டாக நறுக்கி, குழாய் மேல் ஆள் உயரத்துக்குக் குவித்து, மோட்டாரைப் போட்டுவிட்டுப் பெருமையாக நின்றேன். இரவும் பகலும் ஓடியது. நாலாம் நாள் குவியல் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. கடப்பாரையால் குத்திப் பார்த்தால் உள்ளே கூழ். ஒரு மூலையில் மட்டும் ஒரு பொந்து வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. மற்ற இடமெல்லாம் சில்லென்று, நாறிக்கொண்டு கிடந்தது. என் மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "மாப்பிள்ளை, எருமை செத்துக் கிடக்குதுங்களா?" என்று கேட்டார்.

வாழை மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். நறுக்கிக் குவித்தால் தன் பாரத்திலேயே நசுங்கி, நடுவில் இருக்கிற சந்துகளையெல்லாம் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் கிருமிகளுக்கு அது கொண்டாட்டம். அவை விடும் வாயுக்கள்தான் உங்கள் பக்கத்து வீட்டாரைக் கிளப்பிவிட்டவை. நடுவில் சந்து இருந்தால்தான் ப்ளோயர் காற்றைத் தள்ள முடியும். சந்தே இல்லாத கூழுக்குள் எவ்வளவு பெரிய மோட்டாரும் ஒன்றும் செய்யாது. ஒரு பொந்தைத் துளைத்துக்கொண்டு காற்று அது வழியே ஓடிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது இது. குவியலைக் கலைத்து வெயிலில் பரப்புங்கள். முதல் நாள் நாற்றம் இன்னும் கூடும், பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இனி வெட்டும் மரத்தை நீளவாக்கில் பிளந்து, நாலைந்து நாள் வாடவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். பிறகு காய்ந்த சரக்கு சேர்க்க வேண்டும். வாழைச் சருகு, கரும்புச் சோகை (காய்ந்த கரும்புத் தோகை), சோளத்தட்டு, நறுக்கிய தென்னை மட்டை, எது கிடைத்தாலும் சரி. வாடிய வாழை ஒரு பாண்டு (மண் சுமக்கும் சட்டி) என்றால் காய்ந்தது ஒன்றரை, இரண்டு பாண்டு. அதன் மேல் அரைப் பாண்டு பசுஞ்சாணம். அந்தக் காய்ந்ததில் விரல் தடிமனுக்குக் குச்சி, மட்டைத் துண்டு என்று கொஞ்சம் முரடாக இருப்பது நல்லது. அவைதான் குவியலுக்கு எலும்பு.

கலந்தபின் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், ஒழுகக் கூடாது. கையைத் திறந்தால் பிடித்த உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். ஈரம் 50-லிருந்து 60 சதவீதத்துக்குள் இருந்தால் இப்படி இருக்கும். இந்தக் கலவையை நெஞ்சளவு உயரத்துக்குக் குவித்து, மேலே அரையடி பழைய எருவைப் போர்த்திவிட்டால், ப்ளோயர் இல்லாமலே உங்கள் நாற்றம் முக்கால்வாசி அடங்கிவிடும். அதற்கப்புறம் ப்ளோயர் வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். உங்கள் பக்கம் ரஸ்தாளி வாழையும் உண்டு, அதற்கு வாடல் நோய் சீக்கிரம் பிடிக்கும். வாடல் நோய் வந்த மரத்தை இந்தக் குவியலில் சேர்க்காதீர்கள். நடுவில் சூடு ஏறினாலும் ஓரத்தில் ஏறாது. அந்தப் பூஞ்சை மண்ணில் வருஷக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும் ஜாதி. உரத்தோடு அதைத் தோட்டம் முழுக்க நாமே தூவிவிடக் கூடாது.

பி.இ. மெக்கானிக்கல் முடித்துவிட்டு அப்பாவோடு கரும்பு பார்க்கிறேன். வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. குழாய் என்ன அளவு, ஓட்டை எத்தனை, மோட்டார் என்ன குதிரைத்திறன் என்று விவரமாக எழுதுங்கள். இது வெளிநாட்டுத் தொழில்நுட்பமா?
*– இளைஞர், நெல்லிக்குப்பம்*

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ப்ளோயர் வைக்கும் பழக்கம் 1970-களில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் உருவானது. அந்நாட்டு வேளாண் துறையின் ஆராய்ச்சிக்காரர்கள் சாக்கடைக் கசடை மரச்சிராயோடு கலந்து, அடியில் குழாய் வைத்துக் காற்று செலுத்தினார்கள். அதற்கு நாற்பது, ஐம்பது வருஷம் முன்பே நம் இந்தூரில் ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேய வேளாண் விஞ்ஞானி தழையும் சாணமும் கலந்து, ஆட்களை விட்டுப் புரட்டிப் புரட்டிக் காற்று காட்டி உரம் செய்தார். அவருக்கும் நம் ஊர் மாட்டுக்காரர்கள்தான் பாதி ஆசான்கள் என்பது என் எண்ணம். ஆள் செய்ததை மோட்டார் செய்கிறது, அதற்கு மேல் பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

சரி, அளவுகள். என்னுடையது 20 அடி நீளம், 8 அடி அகலம், 5 அடி உயரக் குவியல். சோகையை முழுசாகப் போட்டால் பாய் விரித்த மாதிரி படிந்துவிடும். தீவனம் நறுக்கும் சாப் கட்டரில் விட்டு இரண்டு இஞ்சுக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். அடியில் நாலு இஞ்சு பி.வி.சி. குழாய்கள் இரண்டு. அவற்றுக்கு நடுவில் மூன்றடி இடைவெளி. குவியல் 20 அடி என்றாலும் ஓட்டை போட்ட பகுதி 16 அடிதான். இரு முனையிலும் இரண்டிரண்டு அடி விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் காற்று பக்கவாட்டில் தப்பித்துவிடும்.

ஓட்டைக் கணக்குதான் முக்கியம், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். எல்லா ஓட்டைகளின் பரப்பையும் கூட்டினால் குழாயின் வாய்ப் பரப்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ப்ளோயருக்குப் பக்கத்து ஓட்டைகளே காற்றைக் குடித்துவிடும், கடைசி ஓட்டைக்கு ஒன்றும் போகாது. சொட்டுநீர்க் குழாயில் கடைசிச் செடி காய்வது போல. நாலு இஞ்சு வாய்க்குப் பரப்பு சுமார் பன்னிரண்டரைச் சதுர இஞ்சு. அரை இஞ்சு ஓட்டை ஒன்றுக்கு 0.196. வகுத்தால் 64 வருகிறது. 16 அடியில் அரையடிக்கு ஒரு ஓட்டை என்றால் ஒரு வரிசைக்கு 32, இரண்டு வரிசைக்குச் சரியாக 64. குழாயின் வாயைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டு நாலு மணி, எட்டு மணி இருக்கும் இடங்களில் துளையுங்கள். மேல் பக்கம் துளைத்தால் குப்பை விழுந்து அடைத்துக்கொள்ளும். கடைசி முனைக்கு மூடி போட்டு, தாழ்வான இடத்தில் ஆணி அளவுக்கு ஒரு வடிகால் ஓட்டை. குழாய் மேல் அரையடிக்குத் தேங்காய் மட்டைத் துண்டு பரப்பி, அதன் மேல்தான் கலவை.

ப்ளோயர் வாங்கும்போது சுவரில் மாட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். அது காற்றை வீசும், தள்ளாது. ஐந்தடிக் குவியலின் எதிர்ப்பைத் தாண்ட அதற்குத் தெம்பில்லை. கொல்லர் உலைக்கு வைப்பார்களே, நத்தை ஓடு மாதிரி உடம்போடு, அந்த வகைதான் வேண்டும். இந்த அளவுக் குவியலுக்கு அரைக் குதிரைத்திறன் தாராளம். நான் முதலில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டு குதிரைத்திறனில் வாங்கினேன். எரு வேகவில்லை, கருவாடு மாதிரி காய்ந்தது. அப்புறம் காயலான் கடையில் பழைய அரைக் குதிரைத்திறன் ப்ளோயர் எடுத்துச் சுருள் கட்டி ஓட்டுகிறேன். சிங்கிள் ஃபேஸில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். தோட்டத்து மும்முனை மின்சாரம் வரும் நேரமும் போகும் நேரமும் உங்களுக்கே தெரியும். குவியலோ ராத்திரியிலும் மூச்சு விடுகிற ஜீவன்.

பட்டறைப் பழக்கத்தில் எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன விஷயம் ஒன்று. உலைக்குக் காற்று குறைந்தால் இரும்பு உருகாது. எருவுக்குக் காற்று கூடினால் சூடே நிற்காது. சூட்டை உண்டாக்குவதும் கிருமிதான், அந்தச் சூட்டை அடித்துக்கொண்டு போவதும் அதே காற்றுதான். டைமர் போட்டு அரை மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் என்று தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளில் நடுவில் 55 டிகிரி தாண்ட வேண்டும். 65-க்கு மேல் ஏறினால் ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள், குளிர ஆரம்பிக்கும். 70 ஆகிவிட்டால் நமக்கு வேலை செய்கிற கிருமிகளே வெந்துபோகும். 55-க்கு மேல் குறைந்தது மூன்று நாள் தொடர்ந்து நின்றால் நோய்க் கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் சாகும். மேலே அரையடிக்கு முதிர்ந்த உரம் போர்த்தியிருந்தால்தான் ஓரத்துக்கும் அந்தச் சூடு எட்டும். அந்தப் போர்வையே ஈயையும் நாற்றத்தையும் பிடித்து வைக்கும்.

மூன்று நிமிடக் கணக்கில் ஒரு நாளைக்கு ப்ளோயர் ஓடுவது இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு. ஒரு யூனிட், ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். வீட்டு மீட்டரிலிருந்துதான் ஒயர் இழுத்திருக்கிறேன், பில்லில் வீட்டுக்காரிக்குக் கூட வித்தியாசம் தெரியவில்லை.

சோகையில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 25, 30 பங்கு கரிமம் என்பது கிருமிகளுக்குப் பிடித்த சாப்பாடு. சோகையில் அது ஏறக்குறைய நூறுக்கு ஒன்று. அதனால் சாணம் மட்டும் போதாது. கோழி எரு கிடைத்தால் சேருங்கள். மூன்று பாண்டு சோகைக்கு ஒரு பாண்டு சாணம், கால் பாண்டு கோழி எரு என்பது என் கைக்கணக்கு. மூக்கைத் துளைக்கிற அம்மோனியா நெடி வந்தால் கோழி எரு கூடிவிட்டது, சோகை சேர்க்கலாம். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்று போதவில்லை.

குவிக்கும் முன் ஒரு பக்கெட் சோதனை. 20 லிட்டர் பக்கெட்டில் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் தரையில் நாலைந்து முறை தட்டி, விளிம்பு வரை நிரப்புங்கள். இப்போது அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள். பத்து லிட்டர் பிடித்தால் சந்து போதும். ஏழு, எட்டிலேயே வழிந்துவிட்டால் முரட்டுச் சரக்கு குறைவு. இந்தச் சோதனை தெரிந்திருந்தால் 2018-ல் என் மாமியாரிடம் பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எருக்குழியைத் தோண்டினால் கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு. தோப்பில் குருத்தில் விசிறி வெட்டு அதிகம். பக்கத்துத் தேங்காய் நார் மில்லில் கழிவு சும்மா கொடுக்கிறார்கள். அதையும் சேர்த்து ப்ளோயர் வைக்கலாமா?

இரண்டு கேள்வி. முதலில் புழு. அது காண்டாமிருக வண்டின் பிள்ளையாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. வண்டு குருத்தைக் குடைவது தோப்பில், முட்டை வைத்துக் குடும்பம் நடத்துவது உங்கள் எருக்குழியில். நாமே சோறு போட்டு வளர்த்துவிட்டு, மரத்தில் ஏறி மணலும் வேப்பம் புண்ணாக்கும் வைத்துக்கொண்டிருக்கிறோம். 55 டிகிரியில் அந்தப் புழு பிழைக்காது. அதனால் சூடு ஏறும் குவியல் உங்களுக்கு உரத்தை விடப் பூச்சி வைத்தியமாகவே லாபம். ஆனால் சூடு அடங்கி, உரம் முதிரும் அடுத்த ஒரு மாதம்தான் ஆபத்து. அப்போது வண்டு திரும்ப வரும். குவியலை நைலான் வலையால் சுற்றி மூடி, ஓரத்தை மண் போட்டு அமுக்குங்கள். பழைய எருக்குழி அப்படியே இருந்தால் அதில் மெட்டாரைசியம் பச்சைப் பூஞ்சாணத்தைக் கலந்து விடுங்கள். புழுவைப் பிடித்துக் கொல்லும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது.

நார்க்கழிவு சும்மா கிடைக்கிறதே என்று லாரி லாரியாகக் கொட்டிக்கொள்ளாதீர்கள். தூள் சரக்கு, தண்ணீரைத் தன் எடையைப் போலப் பல மடங்கு குடிக்கும், நனைந்தால் களிமண் மாதிரி அடைத்துக்கொள்ளும். ப்ளோயர் காற்று அதற்குள் போகாது. லேசில் மக்காத லிக்னினும் அதிகம். அரைத்த தென்னை மட்டையோடு நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தால் பாதகமில்லை. அதை மட்டும் தனியாக மக்க வைக்க வேண்டுமென்றால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் முறை இருக்கிறது. டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, நிழலில் ஈரம் காத்து வைப்பது. காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும். ப்ளோயர் குவியலுக்குச் சூடு வேண்டும். இரண்டையும் ஒரே இடத்தில் செய்தால் இரண்டும் கெடும்.

வயலில் மின்சாரமே கிடையாது. மன்னார்குடி பக்கம் நெல். இயந்திரம் அறுத்துவிட்டுப் போன வைக்கோலை என்ன செய்வது?

முதல் பதில்: விலை போகிற வைக்கோலை விற்றுவிடுங்கள். மாட்டுக்குப் போகும் தீனியை மக்க வைப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. மழையில் நனைந்து கறுத்துப் போனது கட்டாயம் மிஞ்சும், அதைச் செய்யுங்கள்.

மின்சாரம் இல்லாமலும் காற்று போகும். ஓட்டை போட்ட குழாயைக் குவியலின் குறுக்கே, முழங்கை நீள இடைவெளியில் ஒன்றாகப் போட்டு, இரு முனையும் வெளியே தெரியும்படி திறந்து விடுங்கள். உள்ளே சூடேறிய காற்று மேலே போகப் போக, அடியில் குளிர்ந்த காற்று தானாக உள்ளே வரும். அடுப்புக்குப் புகைபோக்கி வேலை செய்கிற மாதிரிதான். குழாய்க்குச் செலவு வேண்டாம் என்றால் கணுவைக் குத்தி எடுத்து, உடம்பில் துளை போட்ட மூங்கில் போதும். குவியல் உயரம் மட்டும் நாலடியைத் தாண்ட வேண்டாம். ப்ளோயர் இல்லாதபோது அதற்கு மேல் காற்று ஏறாது. இப்படிச் செய்தால் ப்ளோயர் வைத்ததை விட ஒரு மாதம், ஒன்றரை மாதம் கூடுதலாக ஆகும். ஆகட்டுமே, அடுத்த நடவு வரை அவசரம் என்ன? சொல்லப்போனால் நாலைந்து ஏக்கர்க்காரருக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான், ப்ளோயரை அல்ல.

வைக்கோலின் கரிம விகிதம் சோகை அளவுக்கு மோசமில்லை. சாணம், கொளுஞ்சி, வேலியோரத்துக் கிளிரிசிடியா தழை என்று பச்சையாக எது இருந்தாலும் இடையிடையே போடுங்கள்.

பாட்டிலில் வரும் ‘வேஸ்ட் டீகம்போசர்’ என்ற மக்க வைக்கும் திரவம் ஊற்றினால் சீக்கிரம் மக்குமா?

காசியாபாத்தில் இருக்கும் மத்திய அரசு மையத்தின் பாட்டிலைச் சொல்கிறீர்கள். ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் பத்து கிலோ சாணத்திலும் ஒரு கூடை பழைய உரத்திலும் இருக்கிற கிருமியே உங்கள் குவியலுக்கு ஏழு தலைமுறைக்குக் காணும். கிருமி இல்லாமல் மக்காமல் போன குவியலை நான் இன்னும் பார்க்கவில்லை. காற்றோ ஈரமோ தப்பாக இருந்துதான் பார்த்திருக்கிறேன்.

சூடு இருக்கும்போதே மண்புழு விடலாமா?

விட்டால் வெந்துவிடும். கையை உள்ளே விட்டால் வெளிக்காற்றைப் போலவே இருக்க வேண்டும், அப்புறம் விடுங்கள்.

மூன்று ஏக்கருக்கு இந்த உரத்தைப் போட்டால் யூரியாவை அடியோடு நிறுத்திவிடலாமா?
*– திண்டிவனம் வாசகர்*

அண்ணா, இதைக் கேட்டதற்கு நன்றி. ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாந்து, உரத்தையே வெறுத்துவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் கம்போஸ்ட்டில் 400 கிலோ தண்ணீர். மிச்சம் 600 கிலோவில் தழைச்சத்து ஒன்றேகால், ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் எட்டு கிலோ, ஒன்பது கிலோ. யூரியா மூட்டை 45 கிலோ, அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது சுமார் 21 கிலோ. ஒரு மூட்டைக்குச் சமம் இரண்டரை டன் உரம். அதிலும் அந்த எட்டு கிலோவும் முதல் பட்டத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. கொஞ்சம்தான் கிடைக்கும், மிச்சம் மண்ணில் தங்கி வருஷா வருஷம் அவிழும்.

அதனால் முதல் வருஷமே யூரியாவை நிறுத்தினால் பயிர் வெளுக்கும், அக்கம்பக்கம் சிரிக்கும். நான் ஏக்கருக்கு மூன்று டன் போட்டு, யூரியாவைப் பட்டத்துக்குப் பட்டம் குறைத்துக்கொண்டு வந்தேன். இன்னும் முழுசாக நிறுத்தவில்லை. மஞ்சளுக்குக் கொஞ்சம் போடத்தான் போடுகிறேன். இயற்கை விவசாய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. ஆனால் தண்ணீர் பாய்ச்சும் இடைவெளி கூடியிருக்கிறது. மண்வெட்டி போட்டால் மண் கட்டியாக வராமல் பொலபொலவென்று வருகிறது. அந்த லாபத்தை யூரியா மூட்டைக் கணக்கில் எழுத முடியாது.

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு ஒரு கம்பெனி வந்து, பீப்பாய் மாதிரி சுழலும் இயந்திரத்தில் 24 மணி நேரத்தில் கம்போஸ்ட் என்கிறார்கள். விலை பல லட்சம். வாங்கலாமா?

24 மணி நேரத்தில் வெளியே வருவது உலர்ந்த, அரைத்த, சூடு காட்டிய குப்பை. அதை உரமென்று சொல்ல மாட்டேன். வயலில் போட்டால் அங்கே மக்க ஆரம்பித்துப் பயிரின் தழைச்சத்தைப் பிடுங்கும். விற்க வருகிறவரிடம் ஒரு கைப்பிடி வாங்கி, ஈரமாக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நாள் வையுங்கள். பிரித்து முகர்ந்தால் முதல் மழை மண்வாசனை வந்தால் முதிர்ந்தது. புளித்த வாடையோ அம்மோனியாவோ வந்தால் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். அந்தப் பணத்தில் ஊர்ப் பொதுவுக்கு மட்டையையும் சோகையையும் நறுக்க ஒரு நல்ல ஷ்ரெட்டர் வாங்கி வாடகைக்கு விட்டால் உறுப்பினர் எல்லாருக்கும் உதவும். ப்ளோயர் கூட அப்புறம்தான். நறுக்காத மட்டையும் சோகையும்தான் நம் ஊர்களில் மக்காமல் கிடந்து கடைசியில் தீப்பெட்டியைத் தேடுகின்றன.

போன இதழில் "புரட்டவே தேவையில்லை" என்று எழுதினீர்கள். நம்பி அப்படியே விட்டேன். 20 நாளில் சூடு இறங்கியது. பிரித்தால் நடுவில் சாம்பல் பூத்த மாதிரி வெள்ளை, சோகை சோகையாகவே இருக்கிறது. உங்கள் எழுத்தை நம்பியது என் தப்பா?
*– பவானி வாசகர்*

என் தப்புதான். அரைப் பக்கத்தில் அடக்க வேண்டுமென்று ஒரு வரியை விட்டுவிட்டேன், அந்த வரியில் நீங்கள் விழுந்துவிட்டீர்கள்.

புரட்டத் தேவையில்லை என்பது சரி, திறந்து பார்க்கத் தேவையில்லை என்று அர்த்தம் வந்துவிட்டது. நீங்கள் பார்த்த வெள்ளை, காய்ந்த சூட்டில் வளரும் ஒரு கிருமி. சூடு இறங்கியது மக்கி முடிந்ததால் இல்லை, தண்ணீர் தீர்ந்ததால். ப்ளோயர் அடியிலிருந்து அடிக்கிற காற்று குழாய்க்குப் பக்கத்தைத்தான் முதலில் காய வைக்கும். மேலே தொட்டுப் பார்த்தால் ஈரமாகவே இருக்கும், அதனால் நமக்குத் தெரியாது. நானும் இரண்டாவது குவியலில் இப்படித்தான் ஏமாந்து, "ஆகா, 18 நாளில் உரம்" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். வாழைக்குப் போட்டபின்தான் குட்டு வெளிப்பட்டது, கன்று ஒரு மாதம் மஞ்சளாகவே நின்றது.

இனிமேல் பத்தாம் நாள் ஒரு ஓரத்தைக் கையளவு குடைந்து, குழாய்க்குப் பக்கத்துச் சரக்கை எடுத்துப் பிழிந்து பாருங்கள். உதிர்ந்தால் தண்ணீர் வேண்டும். நான் மேலே ஒரு வரிசை சொட்டுநீர்க் குழாயையே போட்டு வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை திறந்துவிடுவேன்.

உங்கள் குவியல் கெட்டுப்போகவில்லை. கலைத்துப் போடுங்கள், பூவாளியால் நனைத்து நனைத்துத் திரும்பக் குவியுங்கள், இரண்டு கூடை சாணத்தையும் கரைத்துச் சேருங்கள். ப்ளோயரை அரை மணிக்கு இரண்டு நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் சொருகிக் கால் மணி நேரம் விட்டு உருவிப் பிடித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் கம்பியைக் கையில் வைத்திருக்க முடியாத சூடு வரவில்லையென்றால் ஒரு கார்டு போடுங்கள், பவானி பக்கம்தானே, ஞாயிற்றுக்கிழமை நானே வண்டியெடுத்து வந்து பார்க்கிறேன்.